மஞ்சள்-மிளகு கேப்சூல் கீமோவுக்கு உதவுமா? பெங்களூருவில் தொடங்கிய ஒரு சோதனையும் அதன் மறுபக்கமும்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. "அத்தைக்கு மூணாவது கீமோ முடிஞ்சிருக்கு. மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூல் ஒண்ணு இருக்காம். அதைச் சாப்பிட்டா கீமோ இன்னும் நல்லா கேக்குமாம். நீ ஆன்லைன்ல பார்த்து ஆர்டர் பண்ணிடு."

ஆர்டர் போடப்போவது பெங்களூருவில் வேலை பார்க்கும் நீங்கள்தான். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற விஷயம். மஞ்சள்தானே, மிளகுதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கூகுளில் தேடினால் ஆய்வுக் கட்டுரைகளும் வரிசையாக வந்து நிற்கும்.

அந்த மெசேஜ் முழுப் பொய் இல்லை. சில தாவரப் பொருட்கள் புற்றுநோய் செல்களைச் சிகிச்சைக்கு எளிதில் மசிய வைக்கும் என்பது உண்மை. அப்படி ஒரு மருந்து இந்தியாவில் பெரிய சோதனையில் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டியும் காட்டியிருக்கிறது. ஆனால் அது மஞ்சள் இல்லை. மஞ்சளோடு மிளகைச் சேர்க்கும் யோசனைக்கோ பெங்களூருவிலேயே ஒரு முன்கதை உண்டு. அதைப் புரிந்துகொண்டால், ஆர்டர் போடும் முன் ஏன் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதும் புரியும்.

செல்லை 'மசிய வைப்பது' என்றால் என்ன?

கீமோ மருந்தோ ரேடியேஷனோ ஒரு புற்றுநோய் செல்லைத் தாக்கும்போது, அது சும்மா இருப்பதில்லை. தப்பிக்க அதனிடம் சில வழிகள் உண்டு.

ஒன்று, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்புகள். செல்லின் சுவரில் இருக்கும் 'பி-கிளைக்கோபுரோட்டீன்' என்ற புரதம் இந்த வேலையைச் செய்கிறது. இரண்டு, உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டவைக்கும் பழுதுபார்ப்பு ஏற்பாடு. மூன்று, ஆபத்து வந்ததும் "சாகாதே, தாக்குப்பிடி" என்று உத்தரவு போடும் அலாரம். 'என்.எஃப்-கப்பா பி' என்ற புரதம் இதில் முக்கியமானது. சில கீமோ மருந்துகளே இந்த அலாரத்தைத் தட்டிவிடுகின்றன என்பதுதான் வேடிக்கை.

இந்த வழிகளில் ஒன்றை அடைத்துவிட்டால் அதே அளவு மருந்தில் அதிக செல்கள் சாகும். அப்படி அடைக்கும் பொருளைத்தான் 'சென்சிட்டைஸர்' என்கிறார்கள். அது தானாகச் செல்லைக் கொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. கொல்ல வருகிற மருந்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. இதே பம்பு, இதே பழுதுபார்ப்பு எல்லாம் நல்ல செல்களிலும் உண்டு. குடலிலும் கல்லீரலிலும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களிலும் அந்தப் பம்புகள் நமக்குக் காவல் நிற்கின்றன. பம்பை அடைக்கும் மருந்துகளை நிறுவனங்கள் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தன. ஆய்வகத்தில் அசத்திய அவை நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை; சிலவற்றில் கீமோவின் பக்கவிளைவுதான் கூடியது. ஆக, புற்றுநோய் செல் எவ்வளவு மசிகிறது என்பதோடு, நல்ல செல் எவ்வளவு தாங்குகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தாவரத்துக்கும் கீமோவுக்கும் என்ன சம்பந்தம்?

'கெமிக்கல்' கீமோ ஒரு பக்கம், 'இயற்கை' மூலிகை இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது நம் பழக்கம். ஆனால் கீமோ மருந்துகளில் பல தாவரத்திலிருந்தே வந்தவை.

வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் கிடைத்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. யூ மரத்தின் பட்டையிலிருந்து பாக்ளிடாக்ஸல் வந்தது. அதன் தம்பி மருந்தான டோசிடாக்ஸல், ஐரோப்பிய யூ மர இலைகளில் உள்ள ஒரு மூலப்பொருளை மாற்றியமைத்துச் செய்யப்பட்டது.

கேம்டோதெசின் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. 1966-ல் அமெரிக்காவில் மன்றோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் ஒரு சீன மரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். சில ஆண்டுகளில், தமிழ் வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரமான 'நோத்தபோடைட்டஸ்' என்பதிலும் அது இருப்பதைக் காட்டினார்கள். இரினோடெக்கான், டோபோடெக்கான் ஆகிய கீமோ மருந்துகள் இந்தக் கேம்டோதெசினிலிருந்து வந்தவை. அதற்காக அந்த மரங்களை வெட்டித் தள்ளியதில் அதன் எண்ணிக்கை சரிந்தது. எந்தக் காட்டு மரத்தில் மருந்துச்சத்து அதிகம், அதை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராய்ந்தவர்களில் பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தினரும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மருந்துகள் எல்லாம் செடியிலிருந்து வந்தாலும் யாரும் நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்துக் குணமாவதில்லை. அது ஆபத்து. தனி மூலக்கூறாகப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் அது சாதுவானது என்று அர்த்தமில்லை.

மஞ்சள் எப்படி உள்ளே வந்தது?

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின், அந்த 'தாக்குப்பிடி' அலாரத்தை அடக்குகிறது என்று செல் ஆய்வுகள் காட்டியதும் உலகம் முழுக்க ஆர்வம் கிளம்பியது. அதில் குறிப்பிடத்தக்க வேலை ஒன்று திருவனந்தபுரத்தில் நடந்தது. ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையத்தில் ரூபி ஜான் ஆன்டோவின் குழு, கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்களில் பாக்ளிடாக்ஸலையும் குர்குமினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. மிகக் குறைந்த அளவு பாக்ளிடாக்ஸலே குர்குமினோடு சேர்ந்தபோது அதிக செல்களைக் கொன்றது. அலாரம் அடங்கியதுதான் காரணம் என்று 2005-ல் வெளியான அவர்களது கட்டுரை விளக்கியது.

நல்ல அறிவியல்தான். ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல். தட்டில் குர்குமினை நேராகச் செல்லின் மேல் ஊற்றலாம். அத்தையின் உடம்பில் அது வாய், வயிறு, குடல், கல்லீரல் என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் கட்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அங்கேதான் குர்குமின் தோற்றுப்போகிறது. தண்ணீரில் கரையாது, குடலில் சரியாக உறிஞ்சப்படாது, உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும்.

பெங்களூருவின் மிளகுச் சோதனை

இந்தத் தடையைத் தாண்டும் யோசனை 1998-ல் பெங்களூருவிலிருந்து வெளியானது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறை ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியவில்லை. பிறகு அதனுடன் மிளகின் காரச்சத்தான பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்தார்கள். ரத்தத்தில் குர்குமின் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியது.

இன்று உலகம் முழுக்க விற்கும் மஞ்சள்-மிளகு கேப்சூல் டப்பாக்களில் நீங்கள் பார்க்கும் '2000%' இந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர் முகமது மஜீத். குர்குமினையும் பைப்பரினையும் விற்கும், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட சாமி லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்.

2000 சதவீதம் என்றால் பிரமாண்டமாக இருக்கிறது இல்லையா? கொஞ்சம் கணக்கு போடுவோம். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை இருபது மடங்கு ஆக்கினாலும் அது சின்ன எண்தான். அந்தச் சோதனையில் பைப்பரினுடன் எட்டிய உச்சம், ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் சுமார் 0.18 மைக்ரோகிராம். அதுவும் மாத்திரை போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள். செல் ஆய்வுகளில் பொதுவாகப் பயன்படுத்தும் குர்குமின் இதைப்போல் பத்து மடங்கு, அதற்கும் மேல்.

மிளகு அதை எப்படிச் செய்கிறது?

கல்லீரலையும் குடலையும் ஆபீஸ் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் வேதிப்பொருளைப் பிடித்து, மாற்றி, வெளியேற்றுவது அவர் வேலை. பைப்பரின் குர்குமினுக்கென்று தனி பாஸ் எதுவும் கொடுப்பதில்லை. அது செக்யூரிட்டியையே கொஞ்ச நேரம் அசரவைக்கிறது. குர்குமின் நுழைந்துவிடுகிறது. ஆனால் அதே வாசல் வழியாகத்தான் அத்தையின் மற்ற மருந்துகளும் போய் வருகின்றன.

குர்குமினை வெளியேற்றும் 'குளுக்குரோனிடேஷன்' என்ற வேலையை பைப்பரின் தடுக்கிறது. இரினோடெக்கானின் வீரியமான வடிவத்தை உடம்பு செயலிழக்கச் செய்வதும் இதே வகை வேலையால்தான். பைப்பரின் தடுப்பதாக ஆய்வகத்தில் தெரிந்த இன்னொரு நொதி சி.ஒய்.பி.3ஏ4. டோசிடாக்ஸலை உடைப்பது முக்கியமாக அதுதான். கீமோவில் டோஸ் என்பது எடை, உயரம், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, நோய்க்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளியில் நிர்ணயிப்பது. அந்தக் கணக்கில் சேராத ஒரு கேப்சூல் தினமும் உள்ளே போனால், மருந்து கூடலாம் அல்லது குறையலாம். டாக்டருக்கு ஏன் என்றே தெரியாது.

இது வெறும் ஊகம் இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2019-ல் வெளியான ஒரு ஆய்வு, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் எடுக்கும் 16 பேரிடம் இதைச் சோதித்தது. டமாக்ஸிஃபென் கல்லீரலில் 'எண்டாக்ஸிஃபென்' ஆக மாறினால்தான் முழுப் பலன். குர்குமினும் பைப்பரினும் சேர்த்து எடுத்தபோது அந்த எண்டாக்ஸிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. உதவும் என்று நினைத்துச் சேர்த்தது, மருந்தின் பலத்தையே குறைத்தது. டமாக்ஸிஃபென் பல பெண்கள் 5 வருடம், 10 வருடம் எடுக்கும் மாத்திரை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல் பாதிப்பும் உண்டு. மஞ்சள் சப்ளிமென்டால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வு வலையமைப்பு ஒன்று பதிவு செய்தது. அதில் ஒருவர் இறந்துபோனார். சிலர் எடுத்ததில் பைப்பரினும் இருந்தது. இது அபூர்வம்தான். ஆனால் கீமோவின் நடுவே கல்லீரல் எண்கள் ஏறினால், அடுத்த சைக்கிளையே தள்ளிப்போட வேண்டி வரலாம்.

நோயாளிகளிடம் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன?

கலவையான பதில்தான் கிடைக்கிறது.

இங்கிலாந்தின் லெஸ்டரில், பெருங்குடல் புற்றுநோய் பரவிய 28 பேரிடம் கீமோவுடன் தினம் 2 கிராம் குர்குமினைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரிய தொந்தரவு இல்லை. சேர்த்தவர்கள் அதிக நாள் வாழ்ந்ததுபோலத் தெரிந்தது. ஆனால் 28 பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆர்மீனியாவில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 150 பெண்களிடம் நடந்த சோதனையில், பாக்ளிடாக்ஸலுடன் குர்குமின் பெற்றவர்களில் சுமார் 51 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. பெறாதவர்களில் 33 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் அங்கே கொடுத்தது கேப்சூல் இல்லை, நரம்பு வழியாக ஏற்றிய மருந்து. நீங்கள் ஆர்டர் போடப்போகும் டப்பாவுக்கு அந்த முடிவு பொருந்தாது.

பிரான்சில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு டோசிடாக்ஸலுடன் குர்குமினை வாய் வழியாகச் சேர்த்த சோதனையை, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் சிவகுருநாதன் சோமசுந்தரமும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய் செல்களில் கேம்டோதெசின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளின் கொல்லும் திறனை குர்குமின் குறைத்தது. குர்குமின் கலந்த உணவு சாப்பிட்ட எலிகளிலும் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற மருந்து சரியாக வேலை செய்யவில்லை. அதாவது ஒரே மஞ்சள், ஒரு மருந்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது, இன்னொரு மருந்துக்குக் கதவைச் சாத்துகிறது. எந்த மருந்து, எந்தப் புற்றுநோய், எவ்வளவு டோஸ் என்று கேட்காமல் 'மஞ்சள் கீமோவுக்கு உதவும்' என்று சொல்லவே முடியாது.

இணையத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இருக்கிறதே என்றால், அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. குர்குமின் பல பரிசோதனை முறைகளையே ஏமாற்றக்கூடிய மூலக்கூறு. தானே ஒளிரும், எதோடும் ஒட்டும், சீக்கிரம் சிதையும். அதனால் பலன் இல்லாத இடத்திலும் பலன் இருப்பதுபோலக் காட்டும் என்று 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்களின் விரிவான மதிப்பாய்வு ஒன்று சொன்னது.

அப்படியென்றால் வென்ற தாவர மருந்து எது?

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்த சோதனையைப் பாருங்கள். வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய் இந்தியாவின் பெரிய சுமை. ரேடியேஷனுடன் சிஸ்பிளாட்டின் கொடுப்பது வழக்கம். ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ காது கேட்கும் திறன் குறைந்திருந்தாலோ அதைக் கொடுக்க முடியாது. அவர்களில் பலருக்கு ரேடியேஷன் மட்டும்தான் மிஞ்சியது.

டாடா மெமோரியல் குழு அப்படிப்பட்ட 356 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு ரேடியேஷன் மட்டும். மீதிப் பேருக்கு ரேடியேஷனுடன் வாரம் ஒருமுறை குறைந்த அளவு டோசிடாக்ஸல், அதாவது யூ மர இலையிலிருந்து வந்த அந்த மருந்து. செல் இரண்டாகப் பிரியும் கட்டத்தில் அதை இந்த மருந்து மாட்டவைக்கிறது. ரேடியேஷனுக்கு செல் மிக எளிதில் பலியாகும் கட்டம் அதுதான்.

2023-ல் வெளியான முடிவு: 2 ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தவர்கள் ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 41.7 சதவீதம், டோசிடாக்ஸல் சேர்த்தவர்களில் 50.8 சதவீதம். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 30.3 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் கூடினார்கள். நூறு பேரில் ஒன்பது பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள்.

விலையும் இருந்தது. வாயில் கடுமையான புண் வந்தவர்கள் 22 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 50 சதவீதமாக ஏறினார்கள். நல்ல செல்களும் சேர்ந்தே மசிந்தன. ஆனால் அந்த விலை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். டாக்டர் அதற்குத் தயாராக இருக்கலாம், நோயாளி யோசித்துச் சம்மதம் சொல்லலாம். கேப்சூலில் இல்லாதது இதுதான்.

பெங்களூரு ஆய்வகங்களில் அடுத்து என்ன?

குர்குமினை யாரும் கைவிடவில்லை. வேறு வடிவம் தேடுகிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்ரவர்த்தி, பட்டுரு கொண்டையா ஆகியோரின் குழுக்கள் பிளாட்டினத்தையும் குர்குமினையும் ஒரே மூலக்கூறாகக் கட்டி 2015-ல் வெளியிட்டன. இருட்டில் அது அதிகம் எதுவும் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால் குர்குமின் விடுபடும், பிளாட்டினம் டி.என்.ஏ.வைப் பிடிக்கும், குர்குமின் ஒளியின் உதவியோடு செல்லைத் தாக்கும். ஒளி படும் இடத்தில் மட்டும் மருந்து வேலை செய்தால் நல்ல செல்கள் தப்பிக்கும் என்பது யோசனை. இது செல் அளவில் காட்டப்பட்டது, நோயாளிக்கான மருந்து இல்லை. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பதை இது சரியாகப் பிடித்திருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

சாம்பாரில் போடும் மஞ்சளும் ரசத்தில் தட்டிப்போடும் மிளகும் வேறு, கேப்சூல் வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். செயின்ட் ஜான்ஸ் சோதனையில் கொடுத்த 2 கிராம் குர்குமினைச் சமையலில் எட்ட, ஒரே வேளையில் 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். டாக்டர் தனியாக எதுவும் சொல்லாதவரை அத்தைக்கு வழக்கமான வீட்டுச் சாப்பாடு போதும்.

கேப்சூல், கஷாயம், சூரணம், பொடி என எது ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாலும், டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். பெயர் மட்டும் சொன்னால் போதாது. பின்பக்க லேபிளில் 'பைப்பரின்' அல்லது 'மிளகுச் சாறு' இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். "திட்டுவாரோ" என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

இன்னும் வாங்கவில்லை என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கீமோ மருந்தோடு இதைச் சேர்த்து மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா? அதே வடிவத்தில், அதே டோஸிலா? கல்லீரல் எண்கள் ஏறினால் அடுத்த சைக்கிள் என்ன ஆகும்?

குரூப்பில் பதில் எழுதும்போது "இதெல்லாம் சும்மா" என்று வெட்டிவிடாதீர்கள். அந்த மெசேஜை அனுப்பியவருக்கு அறிவியல் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு நிஜம். "அத்தையோட மருந்து வேலை செய்யற அதே வழியிலதான் இதுவும் போகுதாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன், அதுவரைக்கும் வேண்டாம்" என்று எழுதுங்கள். அடுத்த கீமோ தேதிக்கு முன்னால், மறக்காமல் கேட்டும் விடுங்கள்.